படிக்கட்டு என்ற கூடுதல் கதை

மார்ச் 4

ரேடியோவுக்கு,

உன் அண்ணன் உனக்கு வைத்த பட்டப்பெயரையே எழுதுகிறேன். சொந்தப் பெயரை எழுதக் கை வரவில்லை. நலம் விசாரிப்பும் வேண்டாம். அவர் போன இந்த ஒரு வருஷத்தில் நாம் இருவரும் பேசிக்கொண்டதையெல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் தேறாது. இப்போது மட்டும் பாசம் பொங்குவதாகக் காட்டுவானேன்.

பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட் செய்கிறவள் நான் என்பது உனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை மதியம் மெழுகில் கீழ்வரிசை ஒன்றைப் பதித்துக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டு மாடிப்படிக் கைப்பிடி பச்சைதானே? நடுவுல ஒரு கம்பி போயி, கயிறு கட்டியிருக்குமே?”

“ஆமா. அவர் போன அன்னிக்கு நீங்க வந்து பாத்தீங்களே.”

“பாத்தேன். அதான் கேக்குறேன். நேத்து அந்தப் படியில நான் ஏறி இறங்கினேன்.”

அவருக்குக் கம்ப்யூட்டரில் பேய் விளையாட்டு ஆடுகிற பழக்கம் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. நீயும் உன் அண்ணனும் செய்த ‘சாவித்துவாரம்’ அவரிடம் இருக்கிறது. அதை வாங்கியவர்கள் இறக்கிச் சேர்த்துக்கொள்வதற்காக நீங்கள் விடுகிற கூடுதல் கதைகளில் இரண்டாவது, ‘படிக்கட்டு’, போன வாரம் வந்ததாம். சாப்பாட்டு வேளையில் தன் மடிக்கணினியில் போட்டுக் காட்டினார்.

என் வீடு. செருப்பு அடுக்கு, அதன் மேல் நான் குடையை மாட்டுகிற ஆணி, திரை இல்லாத படிக்கட்டு ஜன்னல், எல்லாம் அப்படியே. மாடியிலிருந்து ஒரு மனிதர் உருண்டு விழுகிறார். ஈரத் தலையோடு ஒருத்தி வருகிறாள். குனிகிறாள். அவர் முகத்தில் இரண்டு கையையும் வைக்கிறாள். திரையில் எழுத்து ஓடுகிறது: ‘அப்போதும் மூச்சு இருந்தது.’

டாக்டரம்மா மடிக்கணினியை மூடிவிட்டு என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

நான் உன் அண்ணனைக் கொன்றேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாய். கதை எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயரையே போட்டிருக்கிறாய். செத்தவர் தன் சாவை எப்படி எழுதினார் என்று எனக்குப் புரியவில்லை. நீ சொல்.

அண்ணி


மார்ச் 9

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. போனில் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றாவது கூடுதல் கதையின் சுருக்கம் யாராலோ வெளியே கசிந்துவிட்டது. அதனால் ஆபீஸில் எங்கள் போன், மின்னஞ்சல் எல்லாவற்றையும் துருவுகிறார்கள். முதலாளி என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போகிறார். எனவே நானும் தபாலிலேயே எழுதுகிறேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

‘படிக்கட்டு’ அண்ணன் விட்டுப்போன யோசனையிலிருந்து குழுவாக எழுதியது. மாடியில் ஒரு கண் தெரியாத ஆள், கீழே ஒரு வீடு என்ற அளவில் அவர் சொல்லியிருந்தார். மற்றதைச் சேர்ந்து வளர்த்தோம். வீட்டை வரைகிறவர்களுக்கு மாதிரி வேண்டியிருந்தது, என்னிடம் இருந்த படங்களைக் கொடுத்தேன். அதற்கு மேல் அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதோடு கடிதத்தை முடித்து உறையில் போட்டேன். திரும்பவும் வெளியே எடுத்துவிட்டேன். நீங்கள் கேட்டீர்கள், அதனால் நானும் கேட்கிறேன்.

அண்ணன் போன மறுநாள் எதிர் மாடிக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். “சொல்லாம இருக்க மனசு வரலை. உங்க அண்ணி குனிஞ்சு அவர் முகத்துகிட்ட ரெண்டு கையையும் வச்சிருந்தாங்க. ரொம்ப நேரம். அப்புறம் எதையோ இழுத்து எடுத்துச் சுருட்டி மறைச்சுக்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் சத்தம் போட்டாங்க,” என்றார்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் ‘தண்ணியில வழுக்கிட்டார்’ என்றீர்கள். நான் வந்தபோது படியெல்லாம் காய்ந்து கிடந்தது. நட்டநடு மதியத்தில் கூடத்துத் திரைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன.

அண்ணனும் நீங்களும் அந்த மாதம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவரே சொன்னார்.

என்ன எடுத்தீர்கள், அண்ணி?

ரேடியோ


மார்ச் 15

சவுண்டு இன்ஜினியர் அம்மாவுக்கு,

உறவு முறையை நீ விளையாட்டுச் சாமான் ஆக்கிவிட்டதால் உத்தியோகத்தைச் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

ஒரு வருஷம் வயிற்றுக்குள் வைத்திருந்தாயே இதை. வீட்டுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கலாம். போலீஸுக்குப் போயிருந்தால்கூட உன்மேல் எனக்கு மரியாதை இருந்திருக்கும். நீயோ படம் வரைய வைத்து, சத்தம் சேர்த்து, இறக்கிக்கொள்ளுங்கள் என்று கடை விரித்திருக்கிறாய். இப்படிக் கேட்கிறவளுக்குப் பதில் கிடையாது.

நான் ஒன்று கேட்கிறேன். டாக்டரம்மாவிடம் அந்த இடத்தை மறுபடி போடச் சொல்லிச் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன். விழுகிறவர் ஒரு முனகல் முனகுகிறார். அது நடிகன் குரல் இல்லை. பதினோரு வருஷம் பக்கத்தில் படுத்தவளை ஏமாற்ற முடியாது. அது உன் அண்ணன். அந்த முனகல் உனக்கு எங்கிருந்து கிடைத்தது? என் வீட்டில் எங்காவது ஒலிப்பதிவுக் கருவியை மறைத்து வைத்திருந்தாயா? அவர் விழுந்ததைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு என்னிடம் ஒன்றும் தெரியாதவள் போல் நடிக்கிறாயா?

இன்னொன்று. வாசலில் ஆள் நிற்க ஆரம்பித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் எதிர்ப்புறம் நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். யார் வேண்டும் என்று கேட்டேன். “படியை மட்டும் ஒரு தடவ பாத்துக்கலாமாக்கா?” என்றான் ஒருவன், ஏதோ வாடகைக்கு வீடு பார்க்க வந்தவன் மாதிரி. இந்த விலாசத்தை அவர்களுக்கு யார் கொடுத்தது? உன்னைத் தவிர யாருக்கு ஆதாயம்?


மார்ச் 20

அண்ணி,

முனகலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது உங்கள் வீட்டில் பதிந்தது இல்லை. முதல் விளையாட்டு செய்தபோது காலடிச் சத்தம் பதிவதற்காக அண்ணன் ஸ்டுடியோவில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நடந்தார். “பாத்து நடக்கிறவன் காலும் பாக்காம நடக்கிறவன் காலும் ஒண்ணா கேக்காது, ரேடியோ,” என்றார். நேரே போய் இரும்பு நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டார். அந்தச் சத்தம்தான் அது. இருவரும் சிரித்து உருண்டோம். அதை இந்த இடத்தில் எடுத்துப் போட்டவள் நான்தான். போட்டுவிட்டு அன்று மதியம் சாப்பிட முடியவில்லை.

இனி மறைத்து எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. குழு எழுதியது என்றது பொய். ‘படிக்கட்டு’ கதையில் நீங்கள் வருகிற பகுதி முழுக்க நான் எழுதியது. வெளியிடுவதற்கு முன்பே உங்களுக்கு இறக்கிக்கொள்ளும் சங்கேத எண்ணை அனுப்பினேனே, நினைவிருக்கிறதா? நீங்கள் பார்த்துவிட்டு என்ன செய்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். குற்றமில்லாதவர் என்றால் உடனே வந்து கன்னத்தில் அறைவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த மௌனத்தையும் நான் உங்களுக்கு எதிராகவே எழுதிக்கொண்டேன்.

விலாசத்தை நான் கொடுக்கவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் கூட்டம் வருவது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். முதலாளி கையைத் தேய்த்துக்கொள்கிறார். “நிஜ வீடாமே? நாம எதுவும் சொல்ல வேண்டாம். மறுக்கவும் வேண்டாம்,” என்கிறார்.

மூன்றாவது கூடுதல் கதையின் பெயர் ‘வீட்டுக்காரி’. அதில் விளையாடுகிறவர் அந்த மனைவியை வீடு வீடாகத் துரத்திப் பிடிக்க வேண்டும். அடுத்த மாதக் கடைசியில் வெளியீடு. அதன் ஒலி வேலை என் கையில்தான் இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் சொன்னீர்களானால் அதை நிறுத்தப் பார்க்கிறேன்.

ரேடியோ


மார்ச் 27

மிரட்டலுக்கு நன்றி.

நேற்று வேலையிலிருந்து வந்தபோது ஒரு பெண் என் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கல்லூரிப் பெண்ணாக இருக்கும். கொல்லைக் கதவு வழியாக வந்திருக்கிறாள். போனைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு யாரோடோ கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். பின்பக்கமாகவே இரண்டு படி மேலே ஏறினாள்.

“நீங்கதானே அந்தப் பொண்டாட்டி?” என்றாள்.

என்னைக் கண்டு ஒருத்தி பயப்படுவது இதுதான் முதல் தடவை. ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். அதை வாங்கினாள், குடிக்கவில்லை. மோந்து பார்த்துவிட்டுப் படியிலேயே வைத்துவிட்டு ஓடினாள்.

இன்று டாக்டரம்மா “கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கோங்களேன்” என்றார். நோயாளிகள் கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். அது லீவு இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உன் மூன்றாவது கதையை நன்றாக முடி. என்னைத் துரத்திப் பிடிக்கும்போது மூச்சிரைக்கிற சத்தம் வேண்டுமென்றால் சொல், பதிந்து அனுப்புகிறேன்.


ஏப்ரல் 3

அண்ணி,

சனிக்கிழமை வந்திருந்தேன். நீங்கள் கதவைத் திறக்கவில்லை. உள்ளேதான் இருந்தீர்கள். நான் கூப்பிட்டதும் குழாய்ச் சத்தம் நின்றது. திறக்காததில் தப்பில்லை. நானாக இருந்தாலும் திறந்திருக்க மாட்டேன்.

நீங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தீர்களோ என்னவோ. வெளியே நடந்ததை எழுதுகிறேன்.

எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். ஒருவன் எங்கள் விளையாட்டில் வருகிற சாவிமூஞ்சி முகமூடியை மாட்டிக்கொண்டு உங்கள் வாசற்படியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தான். எதிர் மாடிக்காரர் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கூட்டம். யாரோ அவருக்குக் குளிர்பானம் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அவரே மாடியிலிருந்து உங்கள் வீட்டைப் படம் பிடித்து ‘அந்த வீடு இதுதான்’ என்று தெருப் பெயரோடு போட்டிருக்கிறார். விலாசம் வெளியே போன வழி அதுதான்.

நான் யார் என்று காட்டிக்கொள்ளாமல் பின்னால் நின்று கேட்டேன்.

“தலகாணிய எடுத்தா. மூஞ்சில வச்சு அழுத்தினா. அந்த ஆளு காலை உதைக்கிறாரு, நான் என் ரெண்டு கண்ணால பாக்குறேன்,” என்கிறார்.

அண்ணி, என்னிடம் சொன்னபோது கைகள் மட்டும்தான் இருந்தன. தலையணை கிடையாது. உதைத்த கால் கிடையாது. இன்னும் பத்து நாள் போனால் கையில் கத்தி வந்துவிடும். கூட்டம் கலைந்த பிறகு அவரைப் பிடித்து, எங்கிருந்து பார்த்தீர்கள், காட்டுங்கள் என்றேன். என்னை அடையாளம் கண்டதும் முகம் கறுத்தது. ஆனாலும் கூட்டிப் போனார். அவர் மாடியில் நின்று பார்த்தால் உங்கள் படிக்கட்டு ஜன்னல் வழியாகக் கடைசி மூன்று நான்கு படிகள் தெரிகின்றன. அங்கே குனிகிறவரின் முதுகு தெரியும். முழங்கை தெரியும். முகம் தெரியாது, முகத்தில் என்ன நடக்கிறது என்பது தெரியவே தெரியாது.

ஒரு முதுகையும் இரண்டு முழங்கையையும் வைத்து ஒரு வருஷம் உங்களை வெறுத்திருக்கிறேன்.

இந்தத் தடவை ‘சொன்னால் நிறுத்துகிறேன்’ என்ற பேரமெல்லாம் இல்லை. மூன்றாவது கதைக்கு நான் ஒலி சேர்க்கப் போவதில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். வேறொருவரைப் போட்டிருக்கிறார். நீங்கள் சொல்லாவிட்டாலும் அது அப்படியேதான். சும்மா கேட்கிறேன். அன்றைக்கு என்ன நடந்தது?

ரேடியோ


ஏப்ரல் 8

ரேடியோவுக்கு,

நீ வந்ததைப் பார்த்தேன். மெலிந்திருக்கிறாய்.

அன்று விடுமுறை நாள். உன் அண்ணனும் நானும் அந்த மாதம் சரியாகப் பேசவில்லை என்றாயே, உண்மைதான். எப்போது பார்த்தாலும் அந்தக் கண் தெரியாத ஆள் கதைதான். சாப்பிடும்போது கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தைத் தட்டிவிடுவார். குளியலறையில் விளக்கைப் போடாமல் போய் முட்டிக்கொள்வார். ஆபீஸில் காட்டியபோது படிக்கட்டுக் கட்டத்தில் யாருக்கும் பயம் வரவில்லையாம். அது அவரை அரித்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு மனுஷி வீட்டில் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை என்று கோபம்.

மதியம் கூடத்துத் திரையெல்லாம் இழுத்தார். படிக்கட்டு ஜன்னலுக்குத்தான் திரை கிடையாதே, வெளிச்சம் வந்தது. சமையலறையிலிருந்து கைத்துண்டை எடுத்துவந்து என் முன்னாலேயே கண்ணைக் கட்டிக்கொண்டார்.

“நீ கீழ நின்னு என்னைக் கூப்பிடு. நான் சத்தத்தை வச்சே இறங்கி வரேன்.”

“உங்களுக்கு வேற வேலை இல்ல. எனக்கு இருக்கு. தலைக்குக் குளிக்கணும்.”

“அஞ்சு நிமிஷம்மா.”

“முடியாது.”

இதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. நான் கீழே குளிக்கப் போனேன். அவர் மேலே போனார். சத்தம் கேட்டு ஓடிவந்தேன். கண்ணில் கட்டோடு கிடந்தார். கழுத்து ஒரு பக்கமாக இருந்தது. மூச்சு இல்லை, ரேடியோ. உன் கதையில் இருந்தது, என் வீட்டில் இல்லை. விழுந்த நொடியே முடிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

கட்டை அவிழ்த்தேன். முடிச்சை இறுக்கிப் போட்டிருந்தார், என் கையெல்லாம் சோப்பு ஈரம். அவிழவில்லை. அவர் முகத்தை மடியில் வைத்துக்கொண்டு பல்லால் கடித்து இழுத்தேன். நேரம் ஆகியிருக்கும். அவிழ்த்து மறைத்தேன். பிறகுதான் கத்தினேன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். முதல் விளையாட்டு வந்தபோது எங்கேயோ ஒரு பையன் பயத்தில் மயங்கி விழுந்தான் என்று செய்தி வந்ததே, உன் முதலாளி என்ன செய்தார்? அதையே பெரிதாக அச்சடித்து விளம்பரம் போட்டார். கண்ணைக் கட்டிக்கொண்டு தன் கதையை ஒத்திகை பார்த்துச் செத்தவர் என்று தெரிந்திருந்தால் சும்மா விட்டிருப்பாரா? அவர் படத்துக்குக் கண்ணில் கட்டுப் போட்டு விற்றிருப்பார். பார்க்கிறவர்களும் சிரிப்பார்கள். சிரிக்கத்தான் தோன்றும். நானே வேறு யாருக்காவது நடந்ததென்று கேட்டால் சிரித்திருப்பேன்.

உன்னிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அவர் போன மறுவாரமே ‘அவர் நினைவாகக் கூடுதல் கதைகள் தொடர்ந்து வரும்’ என்று அறிவித்தார்கள், அதற்குக் கீழே உன் பெயரும் இருந்தது. உன்னிடம் சொன்னால் முதலாளி காதுக்குப் போகும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணி


ஏப்ரல் 12

அண்ணி,

கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் நின்று படித்தேன். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

வெளியீட்டுக்கு முன்னோட்டமாக அடுத்த வாரம் ஒரு நேரலை இருக்கிறது. செய்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்து விளையாடுகிறவர்களோடு பேசுவோம். ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். ஒலி வேலையை விட்டாலும் அன்றைக்கு என்னையும் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள், அண்ணனின் தங்கை என்ற அலங்காரத்துக்கு. அங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கண்ணில் கட்டியிருந்த துண்டையும் சேர்த்து. உங்கள் மேல் இருக்கிற கறை ஒரே நாளில் போய்விடும். நீங்கள் சரி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ரேடியோ


ஏப்ரல் 15

ரேடியோ,

சொல்லாதே.

என்னைக் கொலைகாரி என்கிறார்கள். அது பொய் என்று எனக்குத் தெரியும், அதனால் ராத்திரி தூக்கம் வருகிறது. அவரைக் கோமாளி என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் என்னால் தாங்க முடியாது.

உன்னிடம் சொன்னதே போதும். துண்டு விஷயம் உன்னோடு நிற்கட்டும்.

அண்ணி


ஏப்ரல் 24

அண்ணி,

டாக்டரம்மா உங்களிடம் சொல்லியிருப்பார். ஆனாலும் நானே எழுத வேண்டும்.

நேரலையில் முதல் கேள்வியே உங்களைப் பற்றித்தான். அந்தப் பொண்டாட்டி நிஜமா என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் முதலாளி சொல்லிக்கொடுத்தபடி புன்னகை செய்தார்கள். நான் ஒலிவாங்கியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“அந்த வீடு என் அண்ணன் வீடு. அதுல வர்றது என் அண்ணி. அவங்க கொன்னாங்கங்கறது நானா கட்டினது. அவங்க மேல எனக்குச் சந்தேகம் இருந்துது. கேக்க தைரியமில்லாம கதையா எழுதினேன். அண்ணன் எழுதினதுன்னு பேர் போட்டது பொய். அந்த வீட்டு வாசல்ல போய் நிக்கிறவங்க தயவுசெஞ்சு வீட்டுக்குப் போங்க. நிக்கணும்னா என் வாசல்ல வந்து நில்லுங்க.”

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி கையைக் கழுத்தில் வைத்து அறுப்பது போல் சைகை செய்தார். இணைப்பைத் துண்டிப்பதற்குள் இன்னொருவர் கேட்டுவிட்டார்: “அப்ப உங்க அண்ணன் எப்படித்தான் செத்தாரு?”

“விழுந்தாரு. எல்லா வீட்லயும் படி இருக்கு. மனுஷங்க விழுவாங்க,” என்றேன். அவ்வளவுதான். துண்டு என் வாயிலிருந்து வரவில்லை.

அன்று சாயங்காலமே வேலை போயிற்று. ஆனால் ஒரு நிஜ மனுஷியைப் பற்றியது என்று நான் சபையில் ஒப்புக்கொண்டுவிட்டதால், வழக்கு வந்தால் கம்பெனி தோற்றுவிடும் என்று அவர்கள் வக்கீல் பயமுறுத்தியிருக்கிறார். ‘வீட்டுக்காரி’ வராது. ‘படிக்கட்டு’ கதையையும் திரும்ப எடுத்துவிட்டார்கள். இறக்கி வைத்திருக்கிறவர்களிடம் இருப்பதை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இதோடு நிறுத்தினால் நல்ல தங்கையாக முடியும். ஆனால் உங்களிடம் மறுபடியும் பொய் எழுத விருப்பமில்லை. நீங்கள் சொன்னது அண்ணன் செய்யக்கூடிய காரியம்தான். அவர் ஸ்டுடியோவில் கண்ணை மூடி நடந்ததை நானே பார்த்தவள். ஆனாலும் முழுக்க நம்பிவிட்டேனா என்று என்னையே கேட்டால், முக்கால் என்றுதான் பதில் வருகிறது. அந்தத் துண்டு இப்போது எங்கே என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு வருஷம் வளர்த்த சந்தேகம், சொன்னவுடன் எழுந்து போக மாட்டேன் என்கிறது.

ரேடியோ


மே 1

ரேடியோ,

துண்டை அந்த வாரமே கொளுத்திவிட்டேன். கேட்டாய், சொல்கிறேன். காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

வாசலில் இப்போது யாரும் இல்லை. எதிர் மாடிக்காரர் மட்டும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்க்கிறார். குளிர்பானம் வாங்கித் தர ஆளில்லை. திங்கட்கிழமை நான் யாரையும் கேட்காமல் வேலைக்குப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். டாக்டரம்மா கதவருகே வந்து, “அந்த மேல்வரிசை எப்ப ரெடியாகும்?” என்றார். அவ்வளவுதான் மன்னிப்பு. வாங்கிக்கொண்டேன்.

நீ பேசியதை அவர் போட்டுக் காட்டினார். நடுவில் உன் குரல் ஒரு இடத்தில் உடைந்தது. அதைச் செய்யத் தெரிந்தவள் நீ, சத்தம்தானே உன் தொழில். நிஜமா, செய்ததா என்று இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். பார்த்தாயா, என் புத்தியும் இப்படித்தான் இருக்கிறது.

நீ எழுதிய முக்காலைப் படித்துக் கோபம் வரவில்லை. எனக்கும் உன்மேல் அவ்வளவுதான். நான் கடைசிவரை பதில் எழுதாமல் இருந்து, நீ அந்த எதிர் மாடியில் ஏறிப் பார்க்காமலும் இருந்திருந்தால், ‘வீட்டுக்காரி’யை முடித்துக் கொடுத்திருப்பாய். இல்லை என்று நீ எழுதினாலும் நான் நம்பப் போவதில்லை, அதனால் எழுதாதே.

அவர்கள் இப்போது உன் வாசலில் வந்து நிற்பதாகக் கேள்விப்பட்டேன். கேட்டை உதைத்தார்களாமே. நீ எனக்கு எழுதவில்லை. வேலையும் இல்லாமல், வெளியேயும் வர முடியாமல் அந்த ஒற்றை அறையில் என்ன செய்கிறாய்?

துணிமணியை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. மேலறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். படிக்கட்டுக்குப் பெரிய விளக்காகப் போட்டிருக்கிறேன், பகலிலும் எரிகிறது. முக்கால் நம்பிக்கையோடு வந்தால் போதும். மீதிக் கால் பங்கைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்துத்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும், நீயும் நானும். கடிதத்தில் தீராது.

அண்ணி